நல்ல உப்பாகப் பத்துப் பை

ஹாஜரா ராத்தாவின் உப்புச் சோதனையை நம்ப முடியாது என்று எழுதிய கடதாசியை மில்லில் முதலில் வாசித்தவன் நான். வாசித்த கையோடு அதைக் கசக்கி எறிந்தவனும் நான்தான். பிறகு குனிந்து எடுத்து, மேசையில் வைத்து, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து நிமிர்த்தினேன். முதலாளி ஃபாஹிம் ஹாஜியாரின் மேசைக்குப் போகவேண்டிய கடதாசி அது. எனக்குக் கோபம் வந்தால் கை முந்திவிடும், புத்தி ஆறுதலாகத்தான் வந்து சேரும். நஸீமுக்கு வாயும் கையும் அவசரம் என்று மில்லில் எல்லாரும் சொல்வார்கள். சொல்லட்டும், பொய்யா சொல்கிறார்கள்?

கற்பிட்டி ரோட்டில் மாம்புரிப் பக்கம் எங்கள் உப்பு மில். உப்பளத்திலிருந்து வருகிற உப்பைக் கழுவி, அரைத்து, அயடீன் தெளித்து, மூட்டை கட்டி அனுப்புகிறோம். அயடீன் தெளிக்கிற மெஷின் என்னுடைய பொறுப்பு. கீழே பெல்ட்டில் உப்பு ஓடும். மேலே இருக்கிற நொசில் அயடீன் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருக்கும். சொல்வதற்கு இவ்வளவுதான். மழைக்காற்று வந்தால் உப்பு ஈரம் குடித்துக் கட்டியாகிவிடும். நொசிலின் வாயில் உப்புப் படிந்து அடைக்கும். கரண்ட் குறைந்தால் பம்ப் இழுக்காது. அந்த நேரங்களில் ஒரு மூட்டையில் அயடீன் குறையும், அடுத்ததில் கூடும். ஒரு கிலோ உப்பில் அயடீன் பதினைந்து மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, முப்பத்தைந்தைத் தாண்டக் கூடாது என்பது எங்களிடம் வாங்குகிற கொழும்புக் கம்பனியின் நிபந்தனை.

கூடினதா குறைந்ததா என்று பார்ப்பது ஹாஜரா ராத்தாவின் வேலை. மணிக்கொரு தடவை பெல்ட்டிலிருந்து ஒரு கரண்டி உப்பு எடுப்பார். அதைக் கரைத்து, மருந்து ஊற்றி நீலமாக்கி, பிறகு கண்ணாடிக் குழாயிலிருந்து இன்னொரு மருந்தைத் துளித்துளியாக விடுவார். எந்தத் துளியில் நீலம் மறைகிறதோ அந்தத் துளியில் நிறுத்தவேண்டும். எத்தனை துளி போனது என்பதில்தான் கணக்கு இருக்கிறது. ஆக, முழுக்கக் கண் வேலை. பத்தொன்பது வருஷமாகச் செய்கிறார், மில்லில் எல்லாருக்கும் ராத்தா, அதாவது அக்கா. தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது மன்னாரிலிருந்து பன்னிரண்டு வயதில் உடுத்த உடுப்போடு வந்தவர். கணவர் தாஹிர் நானா படகில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து கிடக்கிறார். மகள் நிஃப்லா ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறாள். ராத்தாவின் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது.

நிக்கொலஸ் என்பவர் கொழும்புக் கம்பனியின் தரப் பரிசோதகர். சிலாபத்துக்காரர், மெதுவாகக் கதைப்பார். உப்பைச் சோதிக்க வரவில்லை, உப்பைச் சோதிக்கிறவர்களைச் சோதிக்க வந்திருக்கிறேன் என்றார். பத்துப் பை உப்பு. அதை ஹாஜரா ராத்தாவும் புதிதாக வந்த றிப்னாவும் ஆளுக்கு மூன்று தடவை அளக்கவேண்டும். எந்தப் பை எது என்று அவர்களுக்குத் தெரியாது. அறுபது எண் வரும். அந்த எண்களுக்குள் இருக்கிற வித்தியாசத்தில் உப்பினால் வந்தது எவ்வளவு, அளந்தவர்களின் கண்ணால் வந்தது எவ்வளவு என்று அவருடைய கம்ப்யூட்டர் பிரித்துச் சொல்லும். கண்ணின் பங்கு நூற்றுக்குப் பத்துக்குள் என்றால் அருமை. முப்பதைத் தாண்டினால் அந்தச் சோதனை ஆகாது.

அந்தப் பத்துப் பையையும் எடுத்துத் தரும் வேலையை என்னிடம் தந்தார்.

"மூண்டு நாளுக்கு வேற வேற நேரத்துல எடுங்க நஸீம். மெஷின் நல்லா ஓடக்குள்ளயும் எடுங்க, கரைச்சல் தாற நேரத்துலயும் எடுங்க. எல்லா மாதிரியும் எனக்கு வேணும்."

"ஓம் சேர், அதெல்லாம் பாத்து எடுப்பம்" என்றேன்.

பார்த்துத்தான் எடுத்தேன். எங்கள் மில்களில் ஒரு பழக்கம் இருக்கிறது. வாங்க ஆள் வந்தால் வெள்ளைக் குவியலை முன்னுக்கு விட்டு, மண் கலந்ததைப் படங்கு போட்டு மூடிவிடுவோம். ஏமாற்றுகிறோம் என்ற நினைப்பே வராது. வீட்டுக்கு வந்தவருக்குக் கோழிக் கழுத்தையா வைக்கிறோம்? செவ்வாய்க்கிழமை நொசிலைக் கழற்றி, ஊசி போட்டுக் குத்தி, புதிது மாதிரித் துடைத்து மாட்டினேன். அன்று பின்னேரம் மெஷின் ராசாவாக ஓடியது. அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் பத்துப் பையையும் நிரப்பிக்கொண்டேன். ராத்தாவுக்கு உதவி செய்வதாகவும் நினைத்தேன். நல்ல உப்பாக இருந்தால் அளக்கவும் சுகமாக இருக்குமே! என் மூளை அவ்வளவுதான்.

முடிவு வந்தது. எழுபத்தேழு.

நூற்றுக்கு எழுபத்தேழு பங்கு வித்தியாசம் அளந்தவர்களின் கண்ணால் வந்ததாம். இந்த மாதம் முடிந்ததும் மில்லில் சோதனையை நிறுத்தி, உப்பைக் கொழும்புக்கு அனுப்பிச் சோதிக்கவேண்டும் என்று கடதாசியில் இருந்தது. றிப்னா ஹாஜியாருக்குச் சொந்தக்காரப் பிள்ளை, கந்தோரில் கணக்கெழுத ஒரு கதிரை கிடைத்துவிடும். ராத்தாவுக்கு என்ன கிடைக்கும்? நாற்பத்தேழு வயதில் யார் புதிதாக வேலை கொடுப்பார்கள்? அதை நினைத்துத்தான் கடதாசியைக் கசக்கினேன்.

நேரே நிக்கொலஸிடம் போனேன். ஆய்வறையின் மூலையில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு பிளேன் ரீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சேர், பத்தொம்பது வருஷமா அந்த மனிசி அளக்குது. உங்கட கம்ப்யூட்டர் நேத்து வந்த சாமான். அதுக்குக் கண்ணப் பத்தி என்ன தெரியும்?"

"கோவிக்காம இரிங்க நஸீம்" என்றார். கோவிக்காதே என்று யாராவது சொன்னால்தான் எனக்கு இன்னும் ஏறும். ஆனால் மனிதர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிவிட்டார்.

"இங்க பாருங்க. பத்துப் பையும் இருபத்தி நாலுக்கும் இருபத்தாறுக்கும் நடுவுல. மூண்டாம் வகுப்புல ஒரே உயரத்துல பத்துப் புள்ளைகள நிப்பாட்டி வெச்சி, தையல்காரன்ட டேப்பால அளந்தா, அரை இன்ச் பிழைச்சாலும் யாரு நெட்ட, யாரு கட்டண்டு சொல்ல ஏலாது. டேப்புதான் பிழையெண்டு தோணும். அதே டேப்ப எடுத்து ஒரு குழந்தையையும், புள்ளையையும், பெரிய ஆளையும் அளந்து பாருங்க. அரை இன்ச் ஒரு கணக்கே இல்ல. நீங்க தந்த பத்தும் ஒரே உயரம், நஸீம்."

 செவ்வாய்க்கிழமை பின்னேரம் கண்முன்னால் வந்தது. பாவி, நான்தான் இந்த மனிசியின் வேலைக்கு உலை வைத்தேன் என்று அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது.

"என்ட பிழைதான் சேர். நல்லதாப் பாத்து எடுத்துட்டன்."

அவர் கம்ப்யூட்டரை மறுபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ஏசவில்லை. "பரவால்ல. அந்தப் பத்துப் பையை நம்பாம, மில்லுட உப்பு உண்மையா எவ்வளவு கூடிக் குறையுதுண்டு பாத்து, அதோட ஒப்பிட்டு இந்தக் கண்ணுட பிழைய மதிப்பிடலாம். ஒரு வருஷத்து ரெஜிஸ்டரக் கொண்டாங்க."

ஓடினேன். நாற்பத்தொரு வயது மனிதன் சாரம் தடுக்கத் தடுக்க ஓடினேன். ராத்தா நாள்தோறும் எழுதிக் கையெழுத்து வைக்கிற பெரிய ரெஜிஸ்டரைக் கொண்டுவந்து வைத்தேன். நிக்கொலஸ் ஒரு மணித்தியாலம் எண் எண்ணாகத் தட்டினார். நான் கதவடியில் நின்று எனக்குத் தெரிந்த ஸலவாத்தெல்லாம் ஓதினேன்.

"அறுபத்தேழு" என்றார்.

"என்ன சேர்?"

"எழுபத்தேழு அறுபத்தேழாயிருக்கு, பெரிய மாற்றம் ஒண்டும் இல்ல. ரெஜிஸ்டர்லயும் எல்லாம் இருபத்தி மூண்டுக்கும் இருபத்தேழுக்கும் நடுவுலதான் இரிக்கு. மில்லுட உப்பு இவ்வளவு நேரா வருதுண்டா, இந்தக் கண்ணு அதுக்குக் காணாது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா ஒண்டு சொல்றன். உங்கட அந்தப் பழைய மெஷினால இவ்வளவு நேரா உப்பு வருதுண்டா, அது உலக அதிசயம்."

 ஏன் நேராக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என்னையும் ராத்தாவையும் தவிர வேறு யாருக்குத் தெரியும்?

பெல்ட்டடியில் நான் நிற்பேன். ராத்தா ஆய்வறை யன்னலால் தலையை நீட்டி, "தம்பி, எட்டு!" என்பார். எட்டு என்றால் அரைவாசி அயடீன்கூட ஏறவில்லை. எழுதினால் மெஷினை நிறுத்தவேண்டும், போன மூட்டைகளைத் திருப்பி எடுத்து உடைக்கவேண்டும். அன்றைய லொறி போகாது, ஹாஜியார் வந்து குதிப்பார். நான் நொசிலில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "இன்னொருக்கா எடுத்துப் பாருங்க ராத்தா, வேற இடத்துல" என்பேன். இரண்டாவது தடவை இருபத்து நான்கு வரும். ராத்தா அதை எழுதுவார். முப்பத்தெட்டு வந்தாலும் அதே கதைதான். முதலில் மாதத்துக்கு ஒரு தடவை சொன்னேன். பிறகு கிழமைக்கு ஒன்று. பிறகு நான் சொல்லாமலே அவர் இரண்டாவது தடவை எடுக்கப் பழகிவிட்டார். மெஷினின் கூத்தெல்லாம் முதல் எண்ணில்தான் இருந்தது. ரெஜிஸ்டருக்குள் போனதெல்லாம் இரண்டாவது எண்.

முதல் எண்களும் அழிந்துபோகவில்லை. துளியை எண்ணும்போது ராத்தா பென்சிலால் றஃப் கொப்பியில் குறித்துக்கொள்வார். அதைப் பார்த்துத்தான் கணக்குப் போடுவார். அந்தக் கொப்பிகள் ஆய்வறை அலுமாரியின் மேல் தட்டில் கிடந்தன. மத்தியானம் ராத்தா கண்ணாடிச் சாமான் கழுவிக்கொண்டிருக்கும்போது போய்க் கேட்டேன்.

"ராத்தா, அந்த றஃப் கொப்பியள நிக்கொலஸ் சேருக்குக் காட்டப்போறன்."

அவர் கை நின்றது. "வேணாம் தம்பி."

"என்ன வேணாம்? அதுலதான் உண்மையான எண் இரிக்கு. அதக் கண்டா உங்கட கண்ணு சரியெண்டு அந்த ஆளே சொல்லுவார். உங்கட வேல நிக்கும்."

"நிக்காது. குடுக்காதீங்க."

"எனக்காகப் பயப்படுறீங்களா? மெஷின் கெட்டதுக்கு நான் பதில் சொல்றன். என்ட வேல போனாப் போகட்டும். கடலுக்குப் போயாவது பொழைப்பன்."

"நான் என்னத்தச் சொல்றன், நீங்க என்னத்தக் கதைக்கிறீங்க?" என்றார். கண் கலங்கியிருந்தது. "அது அங்கேயே கிடக்கட்டும் தம்பி. அல்லாஹ்வுக்காகச் சொல்றன்."

லுஹருக்குப் பாங்கு சொன்னது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தொழப் போனார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிருந்தது. பாருங்கள் இந்த மனிசியை, தன் வயிற்றில் அடி விழுகிற நேரத்திலும் என் வேலையைக் காப்பாற்றப் பார்க்கிறாளே என்று உருகினேன். அப்படிப்பட்டவளுக்கு நான் துரோகம் செய்வேனா? கதிரையில் ஏறி, ஆறு கொப்பியையும் இறக்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிக்கொலஸிடம் போனேன். அந்த நடையில் எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் என்னை நானே செருப்பால் அடிக்கவேண்டும் போல் இருக்கிறது.

நிக்கொலஸ் கொப்பியையும் ரெஜிஸ்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எட்டு. பதினொன்று. முப்பத்தெட்டு. நாற்பத்தொன்று. நடுவில் ஒழுங்கான இருபதுகள். விரல் கொப்பியில் போகப்போக அவர் முகம் இருண்டது. பின்னேரம் ஹாஜியாரும் ஆய்வறைக்கு வந்து சேர்ந்தார். நிக்கொலஸ் அவருக்கும் எனக்கும் பொதுவாகச் சொன்னார்.

"மில்லுட உண்மையான கூடுதல் குறைச்சலோட பாத்தா, அளவையில இருக்கிற பிழை நூத்துக்குப் பதினொண்டுதான். எட்டையும் இருபத்தி நாலையும் பிரிச்சுச் சொல்ல இந்தக் கண்ணு தாராளமாப் போதும். ஹாஜரா நல்லாத்தான் அளக்கிறாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்தியேவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

"இந்த எட்டு வந்த உப்பு எங்க, நஸீம்?"

"போயிட்டு, சேர்."

"எங்க போயிட்டு?"

எங்கே போனது என்று நான் எப்படிச் சொல்வேன்? எத்தாளைக் கடைக்கும் போயிருக்கும், எலுவன்குளத்துக்கும் போயிருக்கும், கண்டிக்கும் போயிருக்கும். எத்தனை பிள்ளைத்தாய்ச்சிகளின் சோற்றில் விழுந்திருக்கும்? அயடீன் இல்லாவிட்டால் மூளை வளராத குழந்தைகளுக்கு அதை ஊட்டியிருப்பார்கள். அதுவரை எனக்கு அது வெறும் எண்ணாகத்தான் இருந்தது. 

ஹாஜியார் கேட்டது வேறு கேள்வி. கொப்பியில் எட்டு என்று இருந்த இடத்தில் ஒரு விரலையும், ரெஜிஸ்டரில் இருபத்து நான்கு என்று இருந்த இடத்தில் ஒரு விரலையும் வைத்தார்.

"ரெண்டும் யாருட எழுத்து?"

"ஹாஜியார், நான்தான் திருப்பி எடுக்கச் சொன்னன். ராத்தாட பிழை இல்ல. நான் சொல்லித்தான்..."

"எழுதினது யாரு? கையெழுத்து யாருட?"

"அவட. ஆனா..."

"உன்ட கையெழுத்து எங்கயாவது இரிக்கா?"

இல்லை. ஒரு வருஷத்து ரெஜிஸ்டரில் நஸீம் என்று ஒரு எழுத்து இல்லை. நான் வாயால் சொன்னவன். வாயால் சொன்னது காற்றோடு போய்விட்டது. நிக்கொலஸ் குறுக்கே வந்து, "ஹாஜியார், மெஷின்தான் முதல் பிரச்சினை, ஆளப் பிறகு பாப்பம்" என்று சொல்லத்தான் செய்தார். கடந்த மூன்று மாதத்து மூட்டைகளைத் திருப்பி எடுக்கவேண்டும் என்றும் சொன்னார். ஹாஜியாருக்கு அந்த நட்டத்தை யார் தலையிலாவது கட்டவேண்டும். அந்தப் பழைய மெஷினை ஓட்ட என்னை விட்டால் ஆள் இல்லை. அன்று பொழுது சாயமுன்னமே ராத்தாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பொய் எழுதியதற்காக என்று கடிதம்.

அடுத்த நாள் காலையில் நடந்ததெல்லாம் நான்தான் சொல்லி நடந்தது என்று ஒரு தாள் முழுக்க எழுதி, கீழே என் பெயரைப் பெரிதாகப் போட்டு ஹாஜியாரிடம் கொடுத்தேன். அவர் வாசித்தார். மேசை லாச்சியைத் திறந்து உள்ளே போட்டு மூடினார். "போய் மெஷினப் போடு" என்றார். போடவில்லை. தாளின் இன்னொரு பிரதியை நிக்கொலஸின் கையில் கொடுத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு ராத்தாவின் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தது நிஃப்லா. என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள். ராத்தா வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"ராத்தா, உங்கட கண்ணுல ஒண்டும் இல்லையாம். பதினொண்டுதானாம். நிக்கொலஸ் சேரே சொன்னார்."

"தெரியும்" என்றார். "என்ட கண்ணு எனக்குத் தெரியாதா?"

"நான் எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டன். ஹாஜியார் ஒண்டும் செய்யாட்டியும் கம்பனி கேக்கும். இன்ஷா அல்லாஹ் உங்கள..."

"திங்கக்கிழம நான் பெக்கிங்குக்குப் போக இருந்த, தம்பி."

எனக்கு விளங்கவில்லை.

"நேத்துக் காலையில எழுபத்தேழு வந்த உடனே ஹாஜியார்ட்டப் போனன். கண்ணு மங்கிட்டுண்டா மங்கிட்டு, கை நல்லாத்தானே இரிக்கு, மூட்ட தைக்கிற பக்கம் போடுங்கண்டு கேட்டன். பாவம்ண்டு ஓமெண்டார். சம்பளம் கொஞ்சம் கொற. ஆனா இவருட மருந்துக்கும் புள்ளைட கிளாஸுக்கும் காணும்." குரல் உடையவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. "கண்ணு தெரியாதவளுக்கு எந்த மில்லுலயும் மூட்ட தைக்கக் குடுப்பாங்க. பொய் எழுதினவளுக்கு மாம்புரியில இருந்து கற்பிட்டி வரைக்கும் யாரு குடுப்பாங்க?"

"யா அல்லாஹ்... ராத்தா, இத எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே! ஏன் வேணாம்ண்டுறீங்கண்டு தெரிஞ்சிருந்தா நான் அந்தக் கொப்பியத் தொட்டிருப்பனா?"

"நீங்க எப்ப கேட்டீங்க?"

கேட்கவில்லை. உப்பை எடுக்கும்போதும் கேட்கவில்லை, கொப்பியை எடுக்கும்போதும் கேட்கவில்லை. இன்னொருக்கா எடுத்துப் பாருங்க என்று சொன்ன அத்தனை தடவையும், உங்களுக்கு இதில் விருப்பமா ராத்தா என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.

உள்ளேயிருந்து தாஹிர் நானா, "யாரு புள்ள வந்திரிக்கு?" என்று கூப்பிட்டுக் கேட்டார்.

"ஒருத்தரும் இல்ல" என்று சொல்லிவிட்டு ராத்தா கதவைச் சாத்தினார்.